நாலாம் கவுண்டரில் அக்கரை மொழி

நகரசபைக் கட்டடத்தின் அடித்தளத்தில், பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்ததால் அவளுக்கு ஃபைலக்கா என்று பெயர். உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மின்விசிறி உண்டு; சுற்றினால் காற்றுக்குப் பதில் தூசி வரும். அவள் நாற்காலிக்கு மூன்றரைக் கால். அரைக்காலுக்குக் கீழே ‘குடிநீர் இணைப்பு – நிலுவை’ என்ற தடித்த கோப்பு முட்டுக் கொடுத்திருந்தது. யாராவது அந்தக் கோப்பைக் கேட்டு வந்துவிட்டால் அன்றைக்கு நின்றுகொண்டே வேலை.

அவளும் அவள் கணவனும் ஐந்து மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் பெரிதில்லை. ‘பெரிதில்லை’ என்று அவன் சொன்னதுதான் பெரிதாகிவிட்டது. அவள் அண்ணன் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது யாரோ, “தங்கச்சிக்கு ஆபீஸ்ல என்ன வேலை?” என்று கேட்டார்கள். பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். “தூசிக்குக் காவல் இருக்கிற வேலை. பாதி நேரம் தூசி தூங்கும், மீதி நேரம் இவ தூங்குவா.” வீடே சிரித்தது. அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. அவளும் சிரித்தபடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்து வாயை மூடியவள்தான்.

மூன்று பேர் இருக்கும் வீடு. மூன்று பேருக்கும் ஒரே மொழி. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. அந்த வேலை, அவர்களோடு இருந்த நாத்தனாரின் தலையில் விழுந்தது. மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர், வீட்டுக்கு வந்தும் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று.

“அண்ணி, உங்க தம்பியக் கொட்டிக்க வரச் சொல்லுங்க” என்பாள் ஃபைலக்கா.

“டேய், ஆறிப்போகுதாம். சாப்பிட வா” என்பார் நாத்தனார்.

“பசியில்ல, எவன் சமைக்கச் சொன்னதுன்னு கேளு” என்பான் அவன்.

“இதோ கைகழுவிட்டு வர்றானாம்.”

மூலத்துக்குக் கொஞ்சமும் விசுவாசமில்லாத மொழிபெயர்ப்பு. வீடு ஓடியது அதனால்தான்.

நகரத்துக்கு அப்போது வேறொரு தலைவலி. புறநகரில் ஆலைகள் வந்து, அவற்றின் பின்னால் நீருக்கு அந்தப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை அக்கரைக்காரர்கள் என்றார்கள். அவர்கள் வீடு பிடித்தார்கள், கடை போட்டார்கள், ஊரில் பாதி வியாபாரம் அவர்கள் கைக்கு வந்தது. நகரசபைப் பக்கம் மட்டும் வரவில்லை. வந்தவர்களும் பதினாலு பக்க விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பினார்கள். துணிந்து நிரப்பிய ஒருவர் பழக்கடைக்கு அனுமதி கேட்டுவிட்டு, மாட்டுக்கொட்டகைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போனார்.

வணிகர் சங்கம் ஆணையரிடம் போய் நின்றது. “பாதி ஊரோட பேச இந்த ஆபீஸ்ல ஒரு வாய் இல்லையே சார்” என்றார் சங்கத் தலைவர். ஆணையருக்குச் சுருக்கென்றது. உடனே ஓர் ஆலோசகரை அமர்த்தினார். ஆலோசகர் இருநூறு பக்க அறிக்கை கொடுத்தார். ‘பன்மொழிச் சேவையே நகரப் பொருளாதாரத்தின் உயிர்மூச்சு’ என்ற வாக்கியம் அதில் பதினோரு இடத்தில் இருந்தது. அக்கரைக்காரர் ஒருவரிடமாவது பேசியதற்கான அடையாளம் ஓரிடத்திலும் இல்லை.

தரைத்தளத்தில் பன்மொழிச் சேவை மையம் எழுந்தது. கண்ணாடித் தடுப்பு, குளிர்சாதனம், ஆறு மொழிக்கு ஆறு கவுண்டர், ஆறு சுழல் நாற்காலி. எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான், மொழி தெரிந்த ஆட்களும் வேண்டுமே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் சுற்றறிக்கை போயிற்று: ‘தங்களுக்குத் தெரிந்த பிறமொழி எது?’

ஃபைலக்கா அந்தச் சுழல் நாற்காலியை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை உட்கார்ந்தும் பார்த்தாள். பிறகு படிவத்தில், ‘அக்கரை மொழி – குடும்பத்தில் புழக்கம் உண்டு’ என்று எழுதினாள். பொய்யில்லை. அவள் கணவன் டாக்ஸி ஓட்டுவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் துறைமுகக் கிடங்கில் அக்கரை ஆட்களோடு மூட்டை எண்ணியவன். தூக்கத்தில் திட்டுவதுகூட அந்த மொழியில்தான்.

தேர்வு எதுவும் வைக்கவில்லை. வைப்பதற்கும் மொழி தெரிந்த ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஒன்றாம் கவுண்டர்காரர் தன் கவுண்டர் மொழிப் படங்களை, கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்தோடு பார்ப்பவர். இரண்டாம் கவுண்டர் அம்மாள் தன் கவுண்டர் மொழி பேசும் நாட்டுக்கு ஆறு நாள் சுற்றுலா போய்வந்தவர். ஆறாம் கவுண்டர்காரருக்குத் தன் மொழியில் கெட்ட வார்த்தைகள் மட்டும் தெரியும். அவை சரளமாகத் தெரியும்.

திறப்பு விழாவில் ஆணையர் ஆறு மொழியிலும் வணக்கம் சொன்னார். ஆறும் ஒரே மாதிரி இருந்தன.

அக்கரை மொழிக்கான நாலாம் கவுண்டர் ஃபைலக்காவுக்குக் கிடைத்தது. முதல் நாளே அதற்கு ஆள் வந்துவிட்டது. அக்கரைக்காரி ஒருத்தி, கழுத்தில் தையல்காரர்களின் அளவுநாடா தொங்க, மூச்சுவிடாமல் ஏதோ சொல்லிவிட்டு நின்றாள். ஃபைலக்கா தலையை ஆட்டினாள். அவள் மறுபடி சொன்னாள். இவள் மறுபடி ஆட்டினாள். மூன்றாம் முறை அந்தத் தையல்காரியின் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. ஃபைலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

“ஹலோ, டாக்ஸிங்களா?”

மறுமுனையில் வண்டி ஓரங்கட்டும் சத்தம். “ஆமாங்க. எங்க போகணும்?”

“எங்கயும் போக வேண்டாம். நகரசபைப் பன்மொழிச் சேவை மையத்துலேருந்து பேசறோம். ஒரு விண்ணப்பதாரர் அக்கரை மொழி பேசறாங்க. என்ன வேணும்னு கேட்டுச் சொல்ல முடியுமா?”

“கேக்கலாம். பேசறது யாருன்னு தெரிஞ்சுக்கலாங்களா மேடம்?”

“நாலாம் நம்பர் கவுண்டர்.”

“சரிங்க, நாலாம் நம்பர். போனை அவங்ககிட்ட குடுங்க.”

தையல்காரி போனை வாங்கிக் காதில் வைத்ததும் முகம் மலர்ந்தது. பத்து நிமிடம் பேசினாள். நடுவில் கண்ணாடி வழியாக ஃபைலக்காவை ஏற இறங்கப் பார்த்தாள், “அடப்பாவமே” என்பதுபோல் உச்சுக்கொட்டினாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னவாம்?” என்றாள் ஃபைலக்கா, போனைத் திரும்ப வாங்கி.

“தையல்கடை வைக்கணுமாம். பத்து மிஷின்.”

“பத்து நிமிஷம் பேசினதுக்கு இவ்வளவுதானா?”

“மீதி சொந்த விஷயம்.”

“யாரோட சொந்த விஷயம்?”

“அது ஃபாரத்துல கேக்கலியே மேடம்.”

எவ்வளவு பேசியிருக்கிறான் என்பது மறுநாளே தெரிந்துபோயிற்று. வரிசையில் நின்ற அக்கரைக்காரர்களில் பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார்கள். ஒருத்தி கண்ணாடித் துவாரம் வழியாகக் கையை நீட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஐந்து மாதச் சண்டை நீரைத் தாண்டி அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஃபைலக்காவுக்குத் தோன்றியது. காது சிவந்தது. ஆனால் நாற்காலி நன்றாகச் சுழன்றது. பொறுத்துக்கொண்டாள்.

நாலாம் கவுண்டரில் வேலை நடக்கிறது என்ற செய்தி பரவியதும் வரிசை படியிறங்கி வாசல்வரை போயிற்று. மற்ற ஐந்து கவுண்டர்களிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது அழைப்பு. டாக்ஸியில் ஏறியவர்கள் சாக்கடை, மின்இணைப்பு, தீயணைப்புச் சான்று என்று காதுவலிக்கக் கேட்டார்கள். ஒரு பயணி பாதி வழியில் இறங்கிக்கொண்டார். இன்னொருவர் முன்னால் எட்டி, “ரெண்டாவது வாசல் வைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா தீயணைப்புக்காரங்க கையெழுத்துப் போட மாட்டாங்க” என்று யோசனை சொன்னார். இது சரிப்படாது என்று அவன் வண்டியை நகரசபை வாசலுக்கு எதிரிலேயே நிறுத்திக்கொண்டு, சவாரி போகிற நேரம் போக மீதி நேரம் போனும் கையுமாக உட்கார்ந்தான்.

ஒருநாள் ஒரு கடைக்காரரின் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தது.

“கழிவுநீர் எங்க போகுதுன்னு கேளுங்க” என்றாள்.

“கேட்டுட்டேன். தெருச் சாக்கடையில சேருதாம். அப்புறம்… அன்னைக்கு உங்கண்ணன் வீட்டுல நான் விளையாட்டாத்தான் சொன்னேன்.”

“விண்ணப்பத்துல அதுக்கு இடமில்ல.”

“தப்புதான்னு சொல்றேன்.”

“எழுத்துல குடுங்க” என்று சொல்லிவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினாள். வெளியே நின்ற கடைக்காரர், தன் விண்ணப்பத்தைத்தான் நிராகரித்துவிட்டார்களோ என்று பதறிப்போனார்.

வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. சாயங்காலம் இருவரும் வந்து உட்கார்ந்ததும், “அண்ணி, விளக்க அணைக்கச் சொல்லுங்க”, “அக்கா, இன்னும் பேப்பர் படிக்கலைன்னு சொல்லு” என்று பழையபடி ஆரம்பித்தார்கள். நாத்தனாருக்குப் பொறுமை போயிற்று.

“பகலெல்லாம் போன்ல ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க. இங்க வந்தா நான் எதுக்கு நடுவுல?”

“அது ஆபீஸ் வேலை அண்ணி” என்றாள் ஃபைலக்கா.

“ஆமாக்கா, அது தொழில்” என்றான் அவனும்.

“அப்ப எனக்கும் ஒரு கவுண்டர் போட்டு ஒரு சுழல் நாற்காலி வாங்கிக் குடுங்க. இல்லைன்னா இந்த வேலைய இன்னையோட விடறேன்” என்று சொல்லிவிட்டு நாத்தனார் போய்ப் படுத்துவிட்டார். அன்று விளக்கு விடியும்வரை எரிந்தது.

மூன்று மாதத்தில் நாலாம் கவுண்டர் முந்நூறு கடைகளுக்கு அனுமதி கொடுத்திருந்தது. மற்ற ஐந்தும் சேர்ந்து ஒன்பது. தையல்காரி சாலைக்கு எதிர்ப்பக்கமே கடையைத் திறந்துவிட்டாள். ஆணையர் இந்தக் கணக்கையெல்லாம் வண்ணக் கோடுகளாக வரைந்து சுவரில் மாட்டினார். கோடு ஏன் ஏறுகிறது என்று அவர் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அப்போதுதான் அக்கரையிலிருந்து ஒரு பெரிய ஆலை முதலாளி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. இரண்டாயிரம் பேருக்கு வேலை. நகரம் தன்னோடு பேசுமா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். ஆணையர் மூன்று நாள் தூங்கவில்லை. வருகிற அன்று காலை, டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த பொதுமக்களை எல்லாம் அழகு கெடும் என்று வெளியே அனுப்பினார். ஊழியர்களின் கைபேசிகளை ஒரு தட்டில் வாங்கிப் பூட்டி வைத்தார். வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, “டோக்கன் இல்லாம ஒரு ஆளு உள்ள வரக்கூடாது. நானே சொன்னாலும் விடக்கூடாது” என்றார். காவலாளி நாணயமான மனிதர். அப்படியே மனதில் எழுதிக்கொண்டார்.

முதலாளி வந்தார். எழுபது வயதுக்காரர், மெதுவாகப் பேசுபவர். நகரத்தின் மொழி தெரிந்த அவருடைய செயலாளரை ஆலோசகர் மாடிக்குக் கூட்டிப்போய், படம் போட்டு அறிக்கையை விளக்க ஆரம்பித்திருந்தார். இருநூறு பக்கத்தில் நாற்பதாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஆணையர் முதலாளியின் முழங்கையைப் பிடித்து நேராக நாலாம் கவுண்டருக்குக் கூட்டிவந்தார். “எங்க நட்சத்திரக் கவுண்டர்” என்றார், நகரத்தின் மொழியில்.

முதலாளி குனிந்து, துவாரம் வழியாக ஒரு கேள்வி கேட்டார்.

ஃபைலக்காவின் கை தானாக மேசையைத் தடவியது. போன் இல்லை. மூன்று மாதத்தில் அவள் கற்றிருந்தது சாக்கடை, முத்திரை, நாளைக்கு வாங்க என்ற மூன்று சொற்கள். அவர் கேட்டதில் மூன்றும் இல்லை. அவர் மறுபடி கேட்டார், இந்த முறை கொஞ்சம் அவசரமாக.

“நிலம் ஒதுக்கறதப் பத்திக் கேக்கறார்மா. அந்த ஃபாரத்தக் குடு” என்று ஆணையர் காதோடு சொன்னார்.

பதினாலு பக்கத்தை நீட்டினாள். முதலாளி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, காலை மாற்றி நின்று, மூன்றாம் முறை கேட்டார். குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. ஃபைலக்காவுக்குத் தாங்கவில்லை. எழுந்து, தன் முதுகுக்குப் பின்னால் தெருவைப் பார்த்திருந்த ஜன்னலுக்குப் போனாள். அந்த ஜன்னல் திறப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. தாழ்ப்பாளின் மேல் நகரசபைப் பெயிண்ட் இறுகியிருந்தது. உருட்டு முத்திரையால் நான்கு அடி அடித்தாள். ஐந்தாவது அடிக்குக் கதவு திறந்து வெயில் உள்ளே வந்தது.

“ஏங்க!”

தெருவுக்கே கேட்டது. எட்டு மாதமாகக் கேட்காத அழைப்பு. டாக்ஸிக்குள் குனிந்து யாருடைய விண்ணப்பத்தையோ பார்த்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலை கூரையில் இடித்தது. “இதோ வர்றேன்” என்று ஓடிவந்தான்.

“டோக்கன்?” என்றார் காவலாளி.

“அவசரங்க, என் பொண்டாட்டி கூப்பிடறா.”

“எல்லாருக்கும் பொண்டாட்டி இருக்கு. டோக்கன் எடுங்க.”

அவனுக்குத்தான் அந்த மொழி தெரியும் என்று ஃபைலக்கா சொன்னதும், “அவரை விடுய்யா!” என்று ஆணையர் உள்ளேயிருந்து கத்தினார்.

“நீங்க சொன்னாலும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க சார்” என்றார் காவலாளி, விறைப்பாக நின்று.

அவன் டோக்கன் எடுத்தான். அறுபத்திரண்டு. பலகையில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. இடையில் இருந்த இருபது பேரும் காலையில் துரத்தப்பட்டு வெளியே நின்றார்கள். ஆணையரே வந்து பொத்தானை அமுக்கினார். நாற்பத்திரண்டு. ஒலிபெருக்கி இனிமையான குரலில், “டோக்கன் எண் நாற்பத்திரண்டு, நாலாம் கவுண்டருக்கு வரவும்” என்றது. பிறகு அதையே இன்னொரு மொழியில் சொன்னது. பிறகு இன்னொன்றில். ஆறு மொழியும் முடிந்த பிறகுதான் அடுத்த எண் விழும். நடுவில் நிறுத்த வழி வைக்கவில்லை. நாற்பத்துமூன்று. நாற்பத்துநான்கு. முதலாளி இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணாடியில் சாய்ந்தார். நகரத்தின் பன்மொழிச் சேவை அன்று பத்து நிமிடம் இடைவிடாமல் நடந்தது.

அறுபத்திரண்டு விழுந்ததும் டாக்ஸிக்காரன் பாய்ந்து வந்தான். முதலாளி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னார்.

“என்ன கேக்கறார்? நிலமா?” என்றார் ஆணையர்.

“பாத்ரூம் எங்கன்னு கேக்கறாருங்க.”

ஆறு மொழியில் இருபத்தெட்டுப் பலகை மாட்டிய மையத்தில் அதற்கு மட்டும் பலகை இல்லை. அந்தச் சொல் மையத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று ஆலோசகர் எடுத்துவிட்டிருந்தார். பலகை இருந்திருந்தாலும் பயனில்லை. அறை பூட்டிக் கிடந்தது, சாவிக்காரர் விடுப்பில் இருந்தார். டாக்ஸிக்காரன் முதலாளியைக் கைத்தாங்கலாகச் சாலையைக் கடக்க வைத்துத் தையல்கடைக்குக் கூட்டிப்போனான். கடை என்றால் கழிப்பறை கட்டாயம் என்று நகரசபை அடம்பிடித்துக் கட்டவைத்த கழிப்பறை அங்கே பளபளவென்று இருந்தது.

வெளியே வந்தவர் வேறு மனிதராக இருந்தார். தையல்காரி நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்தாள். ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினார்கள். எழுந்து போகும்போது, இரண்டாயிரம் பேருக்கும் சீருடை தைக்கும் வேலையை அவளுக்கே தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆலையைப் பக்கத்து நகரத்தில் கட்டினார்.

அன்று சாயங்காலம் ஃபைலக்கா பேருந்து நிறுத்தத்துக்குப் போகவில்லை. டாக்ஸியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

“ஏங்கன்னு கூப்பிட்டே” என்றான்.

“அவ்வளவு தூரத்துக்கு வேற எப்படிக் கூப்பிடறது?”

கொஞ்ச தூரம் ஓட்டினான். “அன்னைக்குப் பேசினது தப்புதான். எழுதி வேணும்னாலும் தர்றேன்.”

“எங்கண்ணன் முன்னாடி சொன்னீங்க. அவர் முன்னாடியே சொல்லுங்க.”

வண்டியை அப்படியே திருப்பினான். அண்ணன் கதவைத் திறந்ததும், “மச்சான், அன்னைக்கு உங்க தங்கச்சியப் பத்தி நான் சொன்னது தப்பு” என்றான்.

“என்ன சொன்னீங்க? ஞாபகமில்லையே மாப்ளே” என்றார் அண்ணன்.

மன்னிப்புக் கேட்பதற்காக அவன் அதை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. தூசி தூங்குகிற இடம் வந்ததும் அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டு, மறுபடி விக்கல் எடுத்தது. ஃபைலக்கா இந்தத் தடவை தண்ணீர் கொண்டுவரவில்லை. அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள், கணவனை மன்னித்துவிட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி ஜன்னலைத் திறந்து குளிர்காற்றை விரயமாக்கியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் கொடுத்தாள், அடித்தளத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். டாக்ஸிக்காரனை வேலைக்கு எடுக்கலாமே என்று வணிகர் சங்கம் கேட்டுப் பார்த்தது. அந்த மொழியில் பட்டச் சான்றிதழ் இல்லை என்று பதில் வந்தது. நாலாம் கவுண்டரில் தொடுதிரை இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். அதில் ஆறு மொழியும் உண்டு. ‘உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற முதல் பக்கம் மட்டும் நகரத்தின் மொழியில் இருக்கும். அதைத் தாண்டி யாரும் போனதாகத் தகவல் இல்லை. சிறந்த நகரத்துக்கான கேடயம் அந்த வருடம் அந்த இயந்திரத்துக்காகக் கிடைத்தது. ஆணையர் அதைக் கையில் வாங்கிய கையோடு மாற்றலாகிப் போனார்.

இப்போது மதிய இடைவேளையில் ஃபைலக்கா டாக்ஸிக்கு வந்துவிடுகிறாள். வண்டியின் முன்மூடிதான் மேசை. அவன் கேட்டுச் சொல்வான், அவள் எழுதுவாள். வழி தெரியாமல் நிற்கும் அக்கரைக்காரர்களைக் காவலாளியே கைகாட்டி அனுப்புகிறார். வீட்டிலும் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். பேச்சில் பாதி சண்டை. நாத்தனார் மருந்துக்கடையிலிருந்து காதில் வைக்கிற பஞ்சு ஒரு கட்டு வாங்கிவந்து வைத்திருக்கிறார்.

போன வாரம் புதிய ஆணையரிடமிருந்து ஒரு தாக்கீது வந்தது. நகரசபை எதிரில் உரிமமின்றித் தொழில் நடக்கிறதாம். ஒரு மாதத்தில் உரிமம் எடுக்க வேண்டுமாம். ஃபைலக்கா பதினாலு பக்கத்தையும் எடுத்துவந்து விரித்தாள். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

“தொழில் என்னன்னு கேட்டிருக்கு.”

“டாக்ஸின்னு போடு.”

“டாக்ஸி ஓடுதா? நிக்குதே.”

“அப்ப மொழிபெயர்ப்புன்னு போடு.”

“அதுக்குப் பட்டம் கேப்பாங்க.”

“எதையாவது போடு, பின்னால நாலு பேர் நிக்கறாங்க.”

கடைசிக் கட்டத்தில் ‘இதர’ என்று இருந்தது. அதில் ஒரு டிக் போட்டுவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளை முன்னால் வரச் சொன்னாள்.